தலை உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி

அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். எவர்சில்வர் உடம்பில் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். கொட்டாம்பட்டிக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரில், என் அக்கா வீட்டு வாசலில், இரும்புச் சட்டத்தின் மேல் ஆளுயரத்துக்கு, ஆயுதபூசைக்குத் துடைத்து வைத்த மிஷின் மாதிரி அது நின்றது. நான் என் கையால் வளைத்து, என் கையால் பற்றவைத்த தொட்டி. பெருமைப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குப் பயம்தான் வந்தது. மாலை போடச் சொன்னவன் நான் இல்லை. ஆனால் அவர்கள் போடும்படி ஆனது என்னால்தான்.

நான் கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் தகர வேலையும் வெல்டிங்கும் பார்க்கிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கல்யாண வீட்டில்கூடப் பந்தி பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன், உட்கார்ந்து பேச வேண்டியதில்லை என்பதற்காக. இதை எழுதச் சொன்னது எங்கள் பட்டறைக்கு ஆராய்ச்சிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் சார். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் பயிற்சி நடத்துகிறார். ஆய்வுக்கூடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள், அதை வீட்டிலும் வயலிலும் பயன்படும் பொருளாக ஆக்குவதற்கான பயிற்சி. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் வந்து பேசு என்றார். பேச வராது சார், எழுதித் தருகிறேன் என்றேன். யாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன் அந்தப் பயிற்சிக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பெண். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புளியங்கொட்டைத் தோலைச் சுட்டு, அதில் வேறு எதையோ சேர்த்துக் கறுப்பாக ஒரு பொடி செய்திருந்தார். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு என்கிற உப்பை அந்தப் பொடி பிடித்துக்கொள்ளும். பல்லைக் காவியாக்கி, கை கால் மூட்டுகளை இறுக்குகிற உப்பு அது. ஆய்வுக்கூடத்தில் அவர் அதைக் கையளவு கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்திருந்தார். மேலே ஒரு சின்னக் குவளையால் தண்ணீரை ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் வரும். அந்தக் குழாயைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இதை வீட்டு அளவுக்குப் பெரிதாக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை.

பயிற்சியில் மூன்று வாரம் பட்டறைதான் வகுப்பு. தாங்கள் வரைந்ததைத் தாங்களே வெட்டிப் பார்க்க வேண்டும் என்பது சாருடைய சட்டம். மற்றவர்கள் எங்களை வெட்டச் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடம் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டரைப் பிடித்தார். முதல் நாளே வெல்டிங் பொறி பட்டு முழங்கையில் கொப்புளம். டீ குடிக்கும்போது எல்லோரும் தனித்தனியாக நிற்க, அவர் மட்டும் எங்களோடு தகரக் கட்டின் மேல் உட்காருவார். அப்படி ஒரு நாள் நானாகவே வாயைத் திறந்தேன். எங்கள் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதுதான் ஆகிறது, அதற்குள் கால் மடங்கவில்லை, ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார் என்றேன். மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “உங்க ஊர்லயே வச்சுப் பாப்போம்ணே” என்றார். அக்காவுக்கு விடிவு வந்துவிட்டது என்று அன்றைக்கு நான் நினைத்தேன். அவருக்கும் அது பெரிய காரியம்தான். பத்து வீட்டில் தொட்டியை வைத்து, ஆட்கள் பயன்படுத்துவதைக் காட்டினால் மேற்கொண்டு செய்யப் பண உதவி கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்தப் பொடி ஆய்வுக்கூடத்து அலமாரியிலேயே இருந்துவிடும்.

சார் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரு சொல் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. “பாராட்டுனா எழுதாதீங்க. குறை சொன்னா எழுதுங்க. குறை இல்லாத நோட்டை என்கிட்டக் கொண்டுவராதீங்க.” பட்டறை மூலையில் தகடு வளைத்துக்கொண்டே கேட்டேன். இது என்ன விசித்திரமான படிப்பு என்று தோன்றியது. எங்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தது வேறு. வாசல் தேடி வந்தவர்களிடம் குறை சொல்லக் கூடாது. விருந்துக்குப் போன இடத்தில் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் இலையை மடித்துவிட்டு, நல்ல சாப்பாடு என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

தொட்டியின் குறை முதல் நாளே தெரிந்துவிட்டது. பொடியின் வழியாகத் தண்ணீர் தானாக இறங்க வேண்டும். அதற்கு மேல்தொட்டி உயரமாக இருக்க வேண்டும். அடியில் குழாய், குழாய்க்குக் கீழே குடம் வைக்க இடம். எல்லாம் சேர்ந்து வாய் ஐந்தடிக்கு மேலே போய்விட்டது. பட்டறையில் நாங்கள் ஆம்பளைகள் வாளியைத் தூக்கி ஊற்றிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அக்கா வீட்டில் வைத்த அன்று, அவள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேடம் அடுத்த வீட்டில் இருந்தார். அக்கா என் பக்கம் திரும்பி, “ஏன்டா, ஏணியும் சேத்துக் குடுத்தாகளா, இல்ல நீ வந்து தெனமும் என்னையத் தூக்கி விடுவியா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கால் மடங்காதவளுக்கு என்று கொண்டுவந்த பொருள், அவள் தலைக்கு மேலே ஒரு குடம் தண்ணீரைத் தூக்கச் சொல்கிறது.

இரண்டு வாரம் கழித்து மேடம் நோட்டோடு வந்தார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் பாயில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டார். அக்கா பேத்தி அவர் மடியிலேயே தூங்கிவிட்டது. என்ன குறை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். அருமையா இருக்கு, தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கு. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. மேடம் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் சந்தேகப்பட்டதுபோல் ஆகிவிடும் என்று கூச்சப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் முன்னால் போனதும் அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “அந்தப் புள்ள மொகத்தைப் பாத்துச் சொல்ல மனசு வரல. தூக்கி ஊத்த முடியலடா, தோள்பட்டை விட்டுப்போகுது. ஒருத்தி வீட்டுலயும் ஊத்தல. நீ பையப் பைய எடுத்துச் சொல்லிரு, என்ன?” சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். “பத்து வீட்டுலயும் நல்லா இருக்குங்கிறாங்க. சார் என்னையத் திட்டப் போறாரு” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சு என்ன குறை?”

என் வாழ்க்கையில் படித்த ஒருவர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலூர் தாண்டும்வரை சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு பட்டம் வாங்கியவருக்கு உயரம் தெரியாமலா இருக்கும் என்று ஒரு நினைப்பு. சட்டத்தைப் பற்றவைத்தவன் நான்தானே, குறை என்றால் அது என் கைக்கும்தானே என்று இன்னொரு நினைப்பு. இரண்டையும்விட, அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க என்னால் முடியவில்லை. “ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்கு” என்றேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, உதவி கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று மேடம் போனில் சொன்னார். குரலில் பதற்றம் இருந்தது. சொல்லாமல் விட்டதைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. மேடத்திடம் சொல்லாமல், அதிகாரி வரும் நாளன்று காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். பத்து வீட்டிலும் ஏறி இறங்கி, ஆபீசர் வருகிறார், தினமும் ஊற்றுவதாகச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்றேன். வெட்கப்படுகிறவன் இம்புட்டுப் பேசியதே அவர்களுக்கு ஆச்சரியம். என்னைவிட அவர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். தொட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்து, மாலை போட்டுவிட்டார்கள். உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைக்க எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. மேடத்தின் மேல் இருந்த பிரியத்தைக் காட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அதிகாரியோடு மேடமும் பயிற்சி நடத்தும் சாரும் வந்தார்கள். அதிகாரி உயரமானவர். அக்காவிடம் எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். “தெனமும்தான் சார்” என்றாள். அவர் குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எக்காமலே மூடியைத் தூக்கிப் பார்த்தார். உடனே இருமல் வந்துவிட்டது. அக்கா அதில் மிளகாய் வற்றலைப் போட்டு வைத்திருந்திருக்கிறாள். அன்று காலை அள்ளி எடுத்தது போக, பாளம் பாளமாய் வெடித்த பொடியின் மேல் இரண்டு மிளகாய் கிடந்தன. அடுத்த வீட்டுக்கும் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். மூன்றாவது மாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மேடத்திடம் கோபமே இல்லாமல் கேட்டார், “இப்படிச் செய்யச் சொன்னது யாரும்மா?”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சார் மேடத்தைப் பார்த்தார். நான் மாடு கட்டும் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் சார். இரண்டே சொல். அதை நான் சொல்லவில்லை. மேடம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். எனக்கு அவர் கொடுத்த நேரம் அது என்று பிறகுதான் புரிந்தது. “எனக்குத் தெரியல சார்” என்றார். அது உண்மை. அதிகாரி அதை நம்பவில்லை என்பது அவர் பேனாவை மூடிய விதத்திலேயே தெரிந்தது.

உதவி கிடைக்கவில்லை. கிடைக்காதது மட்டுமில்லை, ஆட்களைச் சொல்லி வைத்து ஏமாற்றினார் என்கிற பெயரும் அவருக்கு வந்தது. ஒரு மாதம் கழித்துச் சாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “உயரம் சரியில்ல, யாரும் ஊத்தலன்னு அந்த நோட்டுல ஒரு வரி இருந்திருந்தாப் போதும்யா. குறையைத் திருத்தத்தானே அந்த உதவியே” என்றார். நடந்ததை அதிகாரிக்கு எழுதியும் போட்டார். பதில் வரவில்லை. அதற்குள் மேடம் கல்லூரியை விட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓனரிடம் கேட்டு, வெட்டி மிஞ்சிய தகடுகளை எடுத்து, வேறு மாதிரி ஒரு தொட்டி செய்தேன். ஊற்றும் வாய் இடுப்பு உயரத்தில். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை நாலு தடவை அமுக்கினால் தண்ணீர் தானாக மேலே ஏறிப் பொடிக்குள் இறங்கும். நாலு தொட்டி கெட்டு ஐந்தாவது சரியாக வந்தது. அக்காவை ஒரு நாள் பட்டறைக்குக் கூட்டிவந்து ஊற்றச் சொன்னேன். குடத்தை இடுப்பிலிருந்து அப்படியே சாய்த்தாள். “இதைத்தானடா அன்னைக்கே கேட்டேன்” என்றாள்.

போன பங்குனியில், மேடம் திருமங்கலத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுப்பதாகச் சார் சொன்னார். தொட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். மேடத்துக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னை உட்காரச் சொன்னார். அன்றைக்குத் தொட்டிகளுக்கு மாலை விழக் காரணம் நான்தான் என்றேன். சார் சொன்னார்ணே என்றார். எழுந்து தொட்டியிடம் வந்தார். குனிந்து கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார். உள்விளிம்பில் விரலை ஓட்டினார். பழைய பட்டறை முகம் ஒரு நிமிடம் வந்து போனது. மூடியைத் திறந்து, பொடி போட நான் விட்டிருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இதுல போட என்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. அதைச் சுட சூளை வேணும். சரியா வந்துச்சான்னு பாக்க மிஷின் வேணும். எழுதி வச்சதெல்லாம் காலேஜ்லயே குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார்.

நான் தலையாட்டினேன். ஏழு வருடத்துக்கு முன், அந்தப் பொடியும் இந்தக் கையும் ஒரே தகரக் கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்தன. அன்றைக்குப் பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டியூஷன் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் கயிற்றை எடுத்துத் தொட்டியைக் கட்டத் தொடங்கினேன். மேடம் வாசல்வரை வந்தார். “அக்காவுக்குக் கால் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டார். நல்லா இருக்கு மேடம் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அதை மூடிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“மோசந்தான் மேடம். இப்பக் குச்சி இல்லாம நடக்க முடியல. அதே தண்ணியத்தான் குடிக்கிறா.”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். சரிண்ணே என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார்.