அருவிக்குள் மட்டும் கேட்ட காது

ஆலயத்தில் பாடகர் குழுவில் நின்ற ஒரு பெண்ணை, பாடாமல் பாடுவதுபோல் நடிக்கிறாள் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அது பொய். அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நன்மையை முதலில் சொல்லி, இதைப் பின்னால் சொன்னால் குற்றம் சிறிதாகத் தெரியும். அது சிறியதல்ல.

நான் தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். எங்கள் சபையின் பாடகர் குழுவும் என் பொறுப்பில் இருந்தது. 1957-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒத்திகை ஒன்றில் இது நடந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஜெயமணி. சைக்கிள் கடை வைத்திருந்த தங்கராஜுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்களின் வரிசையில் நின்றாள். அவள் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினேன்.

"ஏம்மா, வாய அசைச்சுட்டுப் போகவா இங்க வாரே? இது என்ன பொம்மலாட்டமா?"

குழுவே சிரித்தது. அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"பாத்தியளா, இப்பவும் வாய்தான் அசையுது. சத்தத்தக் காணோம்" என்றேன்.

சிரிப்பு இன்னும் பெரிதானது. அவள் சொன்னது "பாடுதேன் சார்" என்பதுதான். பல வருடங்கள் கழித்தே எனக்கு அது தெரிந்தது.

அவளுக்கு 'ஊமைக்குயில்' என்று பேர் விழுந்துவிட்டது. தெருக்குழாயில் குடத்தோடு நின்றால், "ஏட்டி ஊமைக்குயிலு, கொடம் நெறஞ்சுட்டு. அதச் சொல்லவாவது வாயத் தொற" என்பார்களாம். முதலில் குழுவிலிருந்து நின்றாள். பிறகு ஆராதனைக்கு வருவதும் நின்றது. மறு வருடம் தங்கராஜ் கடையைத் தூக்கிக்கொண்டு ஆலங்குளத்துக்கே குடிபோய்விட்டார். அவர் சொந்த ஊர் அது. அதனால்தான் போகிறார் என்று நான் என்னைத் தேற்றிக்கொள்ளக்கூட இல்லை. அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

உண்மையில் அதற்கு முன்பே என் காது மங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு காதிலும் சீழ் இல்லை, வலி இல்லை. உள்ளே எப்போதும் ஒரு ரீங்காரம் மட்டும். பையன்கள் சொல்லும் விடை கேட்காததால் எல்லாரையும் கரும்பலகைக்கு வரவழைத்து எழுதச் செய்தேன். கண்டிப்பான வாத்தியார் என்று பேர் கிடைத்தது. ஒத்திகையில் ஹார்மோனியத்தின் மூடியில் தாடையை அழுத்தி வைத்துக்கொள்வேன். அப்படி வைத்தால் சுருதி தலைக்குள் தெளிவாகக் கேட்கும். கண்ணை மூடி நான் அப்படிச் சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பக்தி என்று நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

என் மனைவி கிரேஸுக்குத் தெரியும். "உங்கட்ட பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு டாக்டர்ட்ட காட்டுனா என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. சீசனில் குற்றாலத்துக்குப் போவோம். அருவியடியில் எல்லாரும் காதுக்குள் வந்து கத்துகிறபோது, அவர்கள் பேச்சு எனக்குத் துல்லியமாகக் கேட்டது. மற்றவர்கள் "என்னது? என்னது?" என்று கேட்க, நான் மட்டும் சட்டென்று பதில் சொல்லுவேன்.

"அருவிச் சத்தத்துக்குள்ளயே நீ சொல்லுதது கேக்குதுட்டி. செவிடனுக்குக் கேக்குமா? வீட்டுல நீ முணுமுணுக்க, அதான்" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன்.

1962-இல் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர் வகுப்பில் என்னிடம் ஏதோ கேட்டார். நான் வேறு எதற்கோ பதில் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி உளறினேன். பையன்கள் குனிந்து சிரித்தார்கள். அன்று மாலை தலைமையாசிரியர் என்னை உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'லீவு போடுங்கள். காது சரியானால் வாருங்கள்.' சரியாகாவிட்டால் என்ன என்பதை அவர் எழுதவில்லை.

உள்ளூர் வைத்தியர் காதைக் கழுவினார். சொட்டு மருந்து விட்டார்கள். பூண்டு காய்ச்சிய எண்ணெயும் விட்டுப் பார்த்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வேலையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, காலி பெஞ்சுகளுக்கு நடுவே முழங்காலில் நின்று அழுவேன். என் அழுகை மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. "ஆண்டவரே, என் காதைத் திறந்தருளும்." மாதக்கணக்கில் இதுதான் என் ஜெபம். ஜெயமணியின் பெயர் அதில் ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்த சீசனில் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மறுக்க முடியாமல் அவர்களோடு ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீருக்கடியில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெயோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார். மெட்ராஸிலிருந்து வந்தவர். "இந்தத் தண்ணியில ஒரு வாரம் நின்னா என் தொப்பை கரையுமா சார்?" என்று கத்தினார். "தொப்ப கரையாது, எண்ணெதான் கரையும்" என்றேன். சிரித்தார். வெகுநேரம் பேசினோம். ஒரு வார்த்தை நான் தவறவிடவில்லை.

பிறகு, அருவியை விட்டுத் தள்ளி, மரத்தடியில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். அவர் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதருகே பிடித்தார். எனக்குச் சத்தமே இல்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்தார். டிக் டிக் என்று தலைக்குள் அடித்தது.

அவர் காது அறுவை செய்கிற டாக்டர். மாதக்கணக்காக நான் அழுது கேட்டதற்குப் பதில், இடுப்பில் ஈரத் துண்டோடு என் முன்னால் நின்றது.

"கேக்குற நரம்பு நல்லா இருக்கு சார்" என்று உரக்கச் சொன்னார். "காதுக்குள்ள மூணு சின்ன எலும்பு உண்டு. ஜவ்வுல விழுற சத்தத்த ஒண்ணுக்கொண்ணு தள்ளிவிடும். உங்களுக்குக் கடைசி எலும்பு இறுகிப்போச்சு. அத எடுத்துட்டு வேற வழி பண்ணலாம். இப்ப அந்த ஆபரேஷன் நாங்க செய்றோம்."

"அருவிக்குள்ள மட்டும் கேக்குதே டாக்டர்?"

"அதான் இந்த வியாதியோட லட்சணம். அங்க எல்லாரும் கத்துறாங்க. அந்த இரைச்சல் உங்களுக்குப் பாதிதான் எட்டும். நீங்க தப்பிச்சீங்க. ஆனா அமைதியான எடத்துல மெதுவாப் பேசுறவங்க உங்களுக்கு இல்லாத மாதிரிதான். அதுலயும் கீழ்க்குரல்தான் முதல்ல போகும். எத்தனை வருஷமா இப்படி?"

டீ கையில் ஆறிப்போனது. பொம்மலாட்டமா என்று கேட்டு நான் சிரிக்கவைத்த அந்த முகம் எதிரே வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மெட்ராஸ் போய்க் காது சரியானதும், முதல் வேலையா ஜெயமணிட்ட போய் மன்னிப்புக் கேக்கப் போறேன். ஆண்டவர்ட்ட பொருத்தனை பண்ணிட்டேன்."

அவள் என் காதுக்குள் வந்து சொன்னாள்: "காது கேட்டாத்தான் மன்னிப்புக் கேப்பியளோ? வாய்க்கு என்ன வந்துட்டு?"

அது சரிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் போகவில்லை. நன்மை கிடைக்கட்டும், பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று கடவுளிடம் பேரம் பேசுகிறவனாகவே மெட்ராஸுக்கு ரயிலேறினேன். அப்படிப்பட்டவனுக்கும் அவர் இரங்கினார். இதைத்தான் நான் இன்றுவரை வியக்கிறேன்.

1963-இல் வலது காதில் அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கவில்லை. காதைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தைத் துணியால் மூடினார்கள். உள்ளே ஏதோ சுரண்டுவது தெரிந்தது, வலிக்கவில்லை. நான் ஜெபித்துக்கொண்டே கிடந்தேன். பயம் மெதுவாக என்னைவிட்டுப் போயிற்று. கர்த்தர் இங்கே இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தது. திடீரென்று அறை சுழன்றது. அடுத்த கணம், தட்டில் ஒரு கருவியை யாரோ வைக்கும் 'ணங்' என்ற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல்.

"வாத்தியார் சார், நான் ரகசியமாத்தான் பேசறேன். கேக்குதா?"

"கேக்குது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சந்தோஷம். ஆனா அழாதீங்க. தலை ஆடக் கூடாது. இன்னும் வேலை பாக்கி இருக்கு" என்றார் டாக்டர்.

இறுகிய எலும்பை எடுத்துவிட்டு, என் கையிலிருந்தே எடுத்த ஒரு ரத்தக்குழாய்த் துண்டையும் மெல்லிய குழாய்த் துண்டு ஒன்றையும் அங்கே வைத்ததாகப் பிறகு சொன்னார். சில நாள் கட்டில் கப்பல்போல ஆடியது. நாக்கின் ஒரு பக்கம் பித்தளை நக்கியதுபோல ருசித்தது. காதுக்குள் துணி அடைத்திருந்ததால் மறுபடி ஒன்றும் கேட்காமல் போனது. ஒருவேளை போய்விட்டதோ என்று கலங்கினேன். துணியை எடுத்த அன்று, நர்ஸின் கஞ்சி போட்ட சேலை மொடமொடவென்று கேட்டது. காகம் கரைந்தது. கிரேஸ் தன் வழக்கப்படி என் காதில் கத்தினாள். "மெதுவாப் பேசுட்டி" என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊருக்குத் திரும்பினேன். வேலைக்குப் போனேன். ஆலங்குளத்துக்கு மட்டும் போகவில்லை. தலைசுற்றல் என்றேன். மழை என்றேன். ஒரு சனிக்கிழமை காலை கிரேஸ் என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நான் பஸ் ஏறினேன்.

தங்கராஜ் கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார். காது கேக்குதாமே, கேள்விப்பட்டேன்" என்றார். எழுந்திருக்கவில்லை. "அவ உள்ளதான் இருக்கா. ஆனா எங்க வீட்டுல மெதுவாத்தான் பேசுவோம். ஒங்களுக்குத் தோதுப்படுமான்னு தெரியல."

எனக்கு அது வேண்டியதுதான்.

ஜெயமணி வாசலுக்கு வந்து நின்றாள். நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் காதின் குறையை மறைத்ததையும் அந்தப் பழியை அவள்மேல் போட்டதையும் சொன்னேன். அவள் பேசினாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தாழ்ந்த, தெளிவான குரல்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய் சார். இப்ப அது நெசமாயிட்டு. இந்த ஊர்க் கோயில்ல எல்லாரும் பாடுதப்போ நான் வாயத்தான் அசைக்கேன். சத்தம் வர மாட்டேங்கு."

என்னால் தலைநிமிர முடியவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்லிட்டிய. சரி. அன்னைக்குச் சிரிச்சவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவரிடம் போய், ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். "காது திறந்ததச் சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு விசுவாசம் வளரும். மத்தது எதுக்கு இப்ப?" என்றார். மற்றதுக்காகத்தான் காது திறந்தது என்றேன். அவர் சம்மதித்தார். மறு ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று சொன்னேன். ஜெயமணி பாடினாள், நான்தான் செவிடன், அதை மறைத்தேன் என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, "அந்தப் பட்டப்பேர வச்சது நாந்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பாடகர் குழுப் பொறுப்பை அன்றே விட்டேன். அந்த அம்மாளும் வேறு சிலரும் ஆலங்குளம் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்படி கூப்பிட்டார்களாம். அவள் வரவில்லை. என் ஜெபம் அன்றிலிருந்து மாறியது. என் காதை விட்டுவிட்டு அவள் குரலுக்காகக் கேட்கத் தொடங்கினேன்.

அதன்பின் வகுப்பில் மெதுவாகப் பேசுகிற பையனிடம் நானே நடந்துபோய்க் குனிந்து கேட்பேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். இடது காது இன்னும் மந்தம்தான். வலது காதில் தண்ணீர் போகக் கூடாது என்பதால், குற்றாலத்தில் மற்றவர்கள் குளிக்க, நான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே யாராவது பேசினால், "என்னது?" என்று மற்றவர்களைப்போல நானும் கேட்கிறேன். அதற்கும் ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற நன்மைக்காக நம்பிக்கையோடு கேளுங்கள். நம்முடைய தேவன் பதில் தருகிறவர். ஆனால் யாருக்காவது நீங்கள் சொல்ல வேண்டியது இருந்தால், பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

சபையில் நான் அறிக்கை செய்து வெகுநாள் கழித்து, சாமான் வாங்கத் தென்காசிக்கு வந்த தங்கராஜ் என் வீட்டுக்கு வந்தார். அவர் என் வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சார், முந்தாநாள் சோறு வடிக்கையில பாடுதா. முழுப் பாட்டு. நான் வெளிய நின்னு கேட்டேன். பாழாப்போன இருமல் வந்துட்டு. இருமிட்டேன். உடனே நிறுத்திட்டா" என்றார். "இப்ப அவ அடுப்படிக்குப் போனா நான் கடைக்குப் போயிருதேன். கடைல இருந்து எவ்வளவு வேணும்னாலும் இருமலாம்லா."

நான் அந்தப் பாட்டைக் கேட்கப் போகவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அது யாருக்காகப் பாடப்படுகிறதோ, அவருக்குக் கேட்கிறது.