தவளைக்குப் பயந்து பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்த கதை

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்பவளைக் கம்ப்யூட்டர்காரர்கள் உயிரியல் ஆள் என்பார்கள், உயிரியல்காரர்கள் கம்ப்யூட்டர் ஆள் என்பார்கள், ஊரில் ரத்தம் பார்க்கிற பிள்ளை என்பார்கள். இந்தப் பாடத்தில் பரீட்சை எழுதியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறேன்.

விருப்பப் பாடம்

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். இரண்டாம் வருஷம் ஒரு பாடத்தை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். சைபர் செக்யூரிட்டிக்குக் கை தூக்கினோம். அதை எடுக்க ஆள் இல்லை. இன்னொன்றுக்கு லேப் இல்லை. மிச்சம் இருந்த பயோஇன்ஃபர்மேட்டிக்ஸை விரும்பினோம்.

அதுவரை ஜாவா நடத்திய சாரின் தலையில் அந்தப் பேப்பரைக் கட்டினார்கள். நல்ல மனுஷர், எதையும் மறைக்கவில்லை. முதல் வகுப்பில் புதுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் இது புதுசுதான். யாரும் எனக்கு முன்னால அடுத்த பாடத்துக்குப் போயிராதீங்க."

தவளை

என் லேப் கூட்டாளி இசக்கியம்மாள், திருவேங்கடத்துக்காரி. பிளஸ் டூவில் தவளை அறுக்கணும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உயிரியலை விட்டவள். லேப்பில் சார் முதல் பயிற்சியாக ஒரு உயிரினத்தின் மரபணுவை இணையத்திலிருந்து இறக்கச் சொன்னார். திரை முழுக்க ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் மாறி மாறி ஓடின. மேலே உயிரினத்தின் பெயர் இருந்தது. இசக்கி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "தவளைக்குப் பயந்துதான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். இங்கனயும் வந்து நிக்குது பாரு."

சுகர் ரிப்போர்ட்

அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறார். என் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும், "உசுரைக் கம்ப்யூட்டர்ல ஏத்துத படிப்பு" என்பார். அதைக் கேட்டு அடுத்த தெரு அண்ணாச்சி தன் சுகர் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டார். எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது என்றேன். அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பிள்ளைய நல்லாப் படிக்கச் சொல்லும்வே. இன்னும் ஒரு வருஷம் கெடக்குல்லா."

பொருத்தம்

அப்பாவின் அக்கா செங்கோட்டையில் இருக்கிறாள். என்னைத் தன் மகனுக்குக் கேட்டுத்தான் அடிக்கடி வருவாள். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஜோசியர் சொல்லியிருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. படிப்பு முடியட்டும், வேலை கிடைத்தால் பார்ப்போம் என்று அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நான் லேப்டாப்பில் இரண்டு மரபணு வரிசைகளை மேலும் கீழும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேட்டாள். எத்தனை எழுத்து பொருந்துகிறது என்று மெஷின் மார்க் போடும், நெருங்கிய சொந்தமென்றால் மார்க் கூடும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சொந்தத்துக்குள் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்கு நோய் வரலாம் என்று அவசரமாகச் சேர்த்துப் பார்த்தேன். அது அவள் காதில் ஏறவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏலே, சொந்தத்துலதான் பொருத்தம் ஜாஸ்தின்னு கம்ப்யூட்டரே சொல்லுது. இனி ஜோசியன் எதுக்கு?"

வைவா

என் ப்ராஜெக்ட், தக்காளி இலையைச் சுருட்டுகிற வைரஸ் பற்றியது. ஒரு மாசம் ராவும் பகலும் உழைத்தேன். இதில் தேறினால்தான் அப்பாவிடம் பேச எனக்கு வாய் இருக்கும். ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு தள்ளிப் போய்ச் சரியாகக் குற்றாலம் சீசனில் வந்து விழுந்தது. வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சாரல். நான் இரண்டாம் ஸ்லைடுக்குப் போவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். நன்றியா ஏமாற்றமா என்று தெரியாமல் நின்றேன். அவர் எழுந்துகொண்டே கேட்டார்: "நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா. ஐந்தருவியில இப்ப கூட்டம் எப்படி இருக்கும்?"

அத்தான்

பாஸானேன். வேலை மட்டும் வரவில்லை. அத்தை பூ வைக்க நாள் பார்த்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அத்தான் புனலூரிலிருந்து போன் பண்ணினான். "முத்து, நீயே வேண்டாம்னு சொல்லிரு. நான் சொன்னா அம்மா அழுவா. இங்கன ஒரு பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு."

பழி எனக்கு, கல்யாணம் அவனுக்கு. இருந்தாலும் அந்த ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். காலையில் அத்தை பூவோடு வந்ததும், எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு, "அவ இஷ்டம்க்கா" என்றார். அவர் என் பக்கம் மட்டும் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அத்தை பூவைப் பைக்குள் திருப்பி வைத்தாள். "கம்ப்யூட்டர் பொருந்துதுன்னு சொல்லுது. இவ இல்லங்கா. நான் எதைத்தான் நம்ப?"

இன்டர்வியூ

சில மாதம் கழித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. வைரஸ் பற்றிக் கேட்பார்கள் என்று ரயிலில் முழுக்கப் படித்துக்கொண்டே போனேன். இன்டர்வியூ எடுத்த அம்மா என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதெல்லாம் இருக்கட்டும். எக்செல் தெரியுமா?"

உயிரையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கிற படிப்பு என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டும் உண்மையில் சேருகிற இடம் ஆஸ்பத்திரி பில்தான் என்பது அந்த வேலையில் முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.