பேராசிரியர் பறியைக் கவ்விய நாள்

தான் எழுதியது தவறென்று பேராசிரியருக்குத் தெரியும். தெரிந்தும் மறைக்கிறார்.

பல வருடங்களுக்கு முன், சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நானும் சின்னம்மாவும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சை ஆராய வந்த அவர் படகில் உட்கார்ந்து ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினார். வேலையில் இருக்கும்போதுதான் இயல்பான பேச்சு வரும் என்பது அவர் முறை. இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியபடியே சின்னம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். இரண்டு கையும் சேற்றில் இருந்தால் பறியை வேறு எங்கே வைப்பது?

அந்தப் பதிவிலிருந்து அவர் புத்தகத்தில் ஒரு கொள்கை பிறந்தது. உதடு சேர்த்துச் சொல்லும் ப, ம ஒலிகளே இல்லாத ஒரு பழைய மொழி, தமிழும் தெலுங்கும் பிரியும் முன்பே தனியாகப் போன கிளை, எங்கள் வாயில் மிச்சமிருக்கிறதாம். நான் படித்துச் சொன்னதும் சின்னம்மா கேட்டார்: "அப்போ நாங்க அம்மாவ இன்னானுடா கூப்டோமாம்?"

எங்கள் வலைப் பெயர்களில் எவை ஆந்திரக் கரையிலிருந்து வந்தவை என்று பேராசிரியர் எழுதியதெல்லாம் சரி. இது மட்டும் தவறு. கல்லூரியில் தமிழ் படிக்கும் என் மகள் தேர்வில் அது தவறென்று காரணத்தோடு எழுதினாள். சுழி மதிப்பெண் போட்டார்கள்.

போன வருடம் அவரை வரச் சொன்னேன். வந்தார். சின்னம்மா அவரை ஏரியில் இறக்கி, வாயில் பறியைக் கொடுத்தார்.

"கவ்விக்கினு உம் பேரச் சொல்லு சார்."

சொன்னார். உதடு சேராமல், மனிதப் பெயராகவே அது வரவில்லை.

"இன்னொரு தபா சொல்லு சார்!"

கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பறியை எடுத்துவிட்டு அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தப்பு என்னோடதுதாம்மா. அடுத்த பதிப்புல மாத்திடறேன்."

"மாத்தாங்காட்டி மறுபடியும் எறக்கிடுவேன்" என்றார் சின்னம்மா. அன்று பேராசிரியர் எங்கள் வீட்டு நண்டுக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனிதர். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அடுத்த பதிப்பு வந்துவிட்டது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. போனில் கேட்டால், "அதை வச்சு எத்தனையோ பேர் பட்டம் வாங்கிட்டாங்களே" என்கிறார்.

ஐயா, போனில் பேசியது போதும். என் மகளுக்குச் சுழி போட்டவர்களும் படிக்கும் பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: அவள் எழுதியது சரியா, தவறா?