பிரிட்ஜுக்குள் வந்த இமயமலை ஆறு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் சமையலும் துப்புரவும் செய்துகொண்டிருந்தேன். நான் அதிகம் கதைக்கமாட்டேன், இத்தாலி மொழியும் அரைகுறை. "சி, சிஞ்ஞோரா", அதாவது "ஓம், அம்மா" என்பதோடு என் நாள் முடிந்துவிடும்.

அவவின் மகன் பல்கலைக்கழகத்தில் ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறவர். ஒரு சனிக்கிழமை, இமயமலைப் பக்கம் போய் வந்தவர், அங்கத்தைய ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய நாலைந்து சின்னப் போத்தல்களைப் பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தார். திங்கட்கிழமைதான் பரிசோதனையாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கயிலாயத்துப் பக்கத்துத் தண்ணீரெல்லோ! ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் விட்டு மூன்று மிடறு குடித்தேன். தலையிலும் தெளித்தேன். தண்ணீர் குறைந்துவிட்டது. தீர்த்தத்தில் வேறு தண்ணீர் விட்டால் அதுவும் தீர்த்தந்தானே? ஊரில் கங்கைச் செம்பை நாங்கள் அப்படித்தான் வருடக்கணக்காக வைத்திருந்தோம். குழாய்த் தண்ணீரை விட்டு நிரப்பி மூடினேன்.

திங்கள் காலை அவர் போத்தல்களை எடுத்து அடுக்க, "சாப்பாட்டு மேசையில வைக்காதே, நஞ்சு!" என்று சிஞ்ஞோரா கத்தினா. நான் விழிப்பதைக் கண்டு மகன் விளக்கினார். அந்த மலையில் கொதிநீர் ஊற்றுகள் ஆற்றில் கலக்குமாம். அதோடு ஆர்செனிக் என்கிற பாஷாணம் தானாகவே கரைந்து வருமாம். நிறமில்லை, மணமில்லை. கரையில் ஒரு கிராமமே அதைத்தான் குடிக்கிறது. நஞ்சு அதிகம் என்று பரிசோதனை காட்டினால்தான் அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடைக்குமாம்.

முதலில் என் உயிரைத்தான் நினைத்தேன். பிறகுதான் மற்றது விளங்கியது. நான் தண்ணீர் கலந்த போத்தல் நஞ்சைக் குறைத்துக் காட்டப்போகிறது. வாயை மூடினால் என் வேலை தப்பும், ஆனால் அங்கே பிள்ளைகள் அதையே குடிப்பார்கள். அவர் வாசல் கதவைத் திறந்துவிட்டார். "நில்லுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். என் சத்தத்தை அந்த வீடு கேட்டது அன்றுதான்.

அந்தப் போத்தலைத் தொட்டு, உள்ளங்கை, மூன்று மிடறு, குழாய் என்று எல்லாம் நடித்துக் காட்டினேன். அவர் திகைத்துப் போனார். மூன்று மிடறு ஒன்றும் செய்யாது, வருடக்கணக்காகக் குடித்தால்தான் ஆபத்து என்று முதலில் என்னைத் தேற்றினார். பிறகு அந்தப் போத்தலில் பெரிய குறுக்குக் கோடு போட்டு ஒதுக்கினார். நல்ல காலம், அதே இடத்தில் எடுத்த இன்னொன்று இருந்தது. சொன்னதற்கு நன்றி என்று என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்துவிட்டுப் போனார்! நான் வெட்கத்தில் குசினிக்குள் ஓடினேன். "ரெண்டு நாளா என்ர வீட்டில புனித ஆறு. எனக்கு ஒரு சொட்டும் தரேல்லையே நீ!" என்று சிஞ்ஞோரா விழுந்து விழுந்து சிரித்தா.

அதே நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க் கிறிஸ்தவப் பிள்ளையும் விடவில்லை. "நான் வேதக்காரியாப் போனது நல்லதாப் போச்சு அக்கா. இல்லாட்டி எனக்கும் ஒரு போத்தல் கட்டிக்கொண்டு வந்திருப்பியள்!"

அடுத்த வருடம் அந்தக் கிராமத்துக்கு வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் வந்துவிட்டதாக சிஞ்ஞோராவின் மகன் சொன்னார். அந்தக் கிராமத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் செய்த பிழையைச் சொல்ல வாய் கூசுகிற நேரமெல்லாம், முகம் தெரியாத ஒரு பிள்ளை தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டுபோவது போலத் தோன்றும். உடனே சொல்லிவிடுகிறேன்.