ஜெஸ்டின் அண்ணனின் கருப்பு வெள்ளை

புதுச்சேரியில் நெல்லித்தோப்பு மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் ஜெஸ்டின் அண்ணனின் கடை இருந்தது. முன்பக்கம் வாடகைக்குப் பட சி.டி. தட்டி மறைத்த பின்பக்கம் மூன்று டி.வி., மூன்று வீடியோ கேம். கேசட்டைச் செருகி ஆடுகிற பழைய வகை. 2005-இல் ஊரே கம்ப்யூட்டர் கேமுக்கு மாறியிருந்தது. அவர் மாறவில்லை.

"சேவ் பண்ணி சேவ் பண்ணி ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்பார். "மூணு உசுரு குடுக்கறான். மூணும் போச்சுன்னா மொதல்லேர்ந்து வா. அதான் நேர்மை. இப்ப வர்றது, உசுர பேங்க்ல போட்டுட்டு சண்டைக்குப் போறா மாதிரி."

நான் பாகூர்ப் பக்கத்து ஆள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். எங்கே இடம் கிடைத்தாலும் இதைச் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று. அப்போது காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் எம்.எஸ்சி. பிசிக்ஸ். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பாகூர் பஸ்ஸைப் பிடிக்காமல் இவர் கடைக்கு நடந்துவிடுவேன். வீடியோ கேமை முதன்முதலில் கையில் தொட்டதே அங்கேதான். எதிரி விமானம் வந்தால் நான் பட்டனை அமுக்குகிற வேகத்தைப் பார்த்து, "என்னா எம்மெஸ்ஸி, ஏரா ஓட்டற? விரலால ஆடுய்யா" என்பார்.

சினிமாவுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கலர் வந்தது, நடிப்பு போனது. "அழுதா கண்ணீர் பளபளன்னு தெரியணும். கலர் படத்துல மேக்கப்புதான் தெரியுது." புதுப் படம் கேட்டு வருகிறவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. சனிக்கிழமைதோறும் படம் எடுக்க வரும் ஆதிலட்சுமியக்கா ஒருநாள், "தம்பி, படத்த மட்டும் குடு. பிரசங்கம் உங்க கோயில்ல வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜப்பான் கார்ட்டூன் என்றால் குரல் இறங்கிவிடும். "அவன் ஒரு மரத்த காட்டிட்டு சும்மா இருப்பான்டா. நம்மாளா இருந்தா அங்க ஒரு பாட்ட வெச்சிருப்பான்." டி.வி.யில் அந்தக் கார்ட்டூன்கள் அப்போது வந்துகொண்டிருந்தன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கலர் பூசிக் கெடுத்துவிட்டார்களாம். ஒரிஜினல் கருப்பு வெள்ளைதான், அது தன்னிடம் இருக்கிறது என்பார். யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருடைய வீடியோ டெக் ஓடாமல் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்திருந்தது. புதுசு வாங்கி மாட்டிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வீடியோ கேசட் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, பீரோவிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். ஜப்பான் கார்ட்டூன்தான், ஆனால் பேச்சு முழுக்க பிரெஞ்சு. பெரிய கண்ணுள்ள ஒரு பெண் குழந்தை ரயிலுக்குப் பின்னால் ஓடுகிறது. கருப்பு வெள்ளை.

"பிரெஞ்சு கேசட்டாண்ணே? யார் குடுத்தா?"

"அக்கா அனுப்பனது. ஜோவிதா."

அவருக்கு அக்கா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்கு வாக்கப்பட்டு எண்பத்தெட்டில் பாரீஸ் பக்கம் போனவர். அங்கே புதன்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம், டி.வி.யில் கார்ட்டூனாகப் போடுவார்களாம். தம்பிக்குப் பொம்மைப் படம் என்றால் உயிர் என்று டேப் எடுத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"அப்ப இது கலர்ல இருக்கணுமேண்ணே" என்றேன்.

அவர் டி.வி.யை அணைத்தார். இவ்வளவு நாளும் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லாததை அப்போது சொன்னார். அக்கா கேசட் அனுப்பிய காலத்தில் அவர் ஒரு வீடியோ லைப்ரரியில் கேசட் காப்பி போடும் வேலையில் இருந்தார். காப்பிக்குக் காப்பி, அதற்கும் காப்பி என்று போட்டால் நிறம் வெளுத்து, கடைசியில் செத்தே போகும். அது அவர் தினமும் பார்த்தது. அதனால் அக்காவின் கேசட்டைப் போட்டவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்தார். நல்லதை அவள் வைத்துக்கொண்டு, யாரோ போட்ட கழிசல் காப்பியைத் தம்பிக்குத் தள்ளிவிட்டாள்.

"ஒருநாள் எதிர்வூட்டு போனுக்கு கூப்புட்டா. 'அந்தப் பொண்ணோட பாவாடை, அம்மாவோட மாம்பழக் கலர் பொடவ மாதிரியே இல்லடா?'ன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பிரான்சுக்குப் போனதும் கிண்டல் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லாம போன வெச்சிட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. அவ கூப்புட்டா நான் போறதில்ல. கேசட்டும் நின்னுடுச்சு. அம்மா அடக்கத்துக்கு வந்தா. கல்லறைல அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்."

வெளியே யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். இந்த ஊரில் பிரான்ஸ் போய்வந்த குடும்பத்துக்குக் குறைவில்லை. "எப்படிடா கேக்கறது? எங்க அக்கா எனக்குக் கழிசல அனுப்பிட்டான்னா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. படித்தது அதுதானே. "அண்ணே, அங்க கலர பதிவு பண்ற முறை வேற, நம்ம முறை வேற. படம் ரெண்டுத்துக்கும் பொது. கலர் மட்டும் நம்ம டெக்குக்குப் புரியாது, கருப்பு வெள்ளையாதான் காட்டும். கலரு இந்த டேப்லயேதான் இருக்கு."

"போடா" என்றார். கொஞ்சம் கழித்து, "நெசமாவா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் தெருவோரமாக சந்தை கூடும். பிரான்ஸ் சாமான் பழசானால் கடைசியில் அங்கேதான் வந்து விழும். பக்கிரி என்பவர் தார்ப்பாயில் பரப்பியிருந்ததில் எல்லா நாட்டு கேசட்டையும் நம் டி.வி.க்கு மாற்றிக் காட்டுகிற ஒரு டெக் கிடைத்தது. ஓடுமா என்று கேட்டதற்கு, "ஓடலன்னா அடுத்த வாரம் இங்கதான் ஒக்காந்திருப்பேன், வந்து ஒதைங்க" என்றார்.

கடைக்குக் கொண்டுவந்து மாட்டினோம். ஓடியது. அதே பெண், அதே ரயில். வானம் ரோஸாக இருந்தது. பாவாடை மாம்பழ மஞ்சள்.

நான் சிரித்துவிட்டேன், என் பிசிக்ஸ் ஜெயித்த சந்தோஷத்தில். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். படம் நடுவே ஒரு இடத்தில் வெட்டிக் குதித்தது. ஒரு சோப்புக் கட்டி கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அப்படி ஒரு வெட்டு.

"இத இத்தினி வருஷமா காப்பி போட்டவன் கைத்தப்புன்னு நெனச்சேன்டா" என்றார். "இது விளம்பரம் வர்ற எடம். விளம்பரம் வந்தா நிறுத்தி, முடிஞ்சா திருப்பி அமுக்கியிருக்கா. படம் பூரா பக்கத்துலயே ஒக்காந்திருந்தாதான் இப்படி எடுக்க முடியும்."

டேப் எடுக்கிற வேலை தெரிந்தவர். அவருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பீரோவில் இருந்த கேசட்டையெல்லாம் எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் போட்டார். கதையைப் பார்க்கவில்லை. ஓடவிட்டு, வெட்டு வருகிற இடத்தை மட்டும் பார்த்தார்.

அக்காவின் நம்பர் அவரிடம் இல்லை. உறவுக்காரர் பிரகாசத்திடம் வாங்கி, மறுநாள் மத்தியானம் மார்க்கெட் எதிரே இருந்த ஐ.எஸ்.டி. போன் பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ஒரு இளைஞன் குரல், பிரெஞ்சில். அக்கா மகன். இவருக்கு பிரெஞ்சு வராது. "ஜோவிதா... மமா... பொந்திச்சேரி" என்றார், அம்மாவைக் கூப்பிடச் சொல்லி. அங்கே ஏதோ சத்தம், பிறகு அக்கா. பூத்தின் கதவு சரியாகச் சாத்தாது. அந்தப் பக்கக் குரலும் எனக்குக் கேட்டது.

டெக், கலர், பாவாடை, காந்தி வீதி எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார்.

"என்னா பாவாடைடா?" என்று கேட்டார் அக்கா.

"அதான்கா, நீ கேட்டியே. அம்மா பொடவ மாதிரி இல்லியான்னு."

"கேட்டனா? எனக்கு ஞாபகம் இல்லடா. நீ பேசாம போன வெச்சது ஞாபகம் இருக்கு. திருப்பித் திருப்பி கூப்புட்டேன். தம்பி வர மாட்டேங்குதுன்னாங்க. அது ஞாபகம் இருக்கு."

இவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"சரி வுடு. ஒடம்பு எப்படி இருக்கு? சாப்ட்டியா?" என்றார் அக்கா.

"சாப்ட்டேன்கா. நீங்க?"

வெளியே வந்ததும் நான்தான் பேசினேன். அக்கா பேசிவிட்டார்களே, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு டீ சொன்னார்.

அடுத்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அக்கா வந்தார். தங்கியது ஓட்டலில். ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து ஒரு பெட்டி கொடுத்தார். அதே கார்ட்டூன் முழுசாக, டிஸ்க்கில். சுத்தமான கலர், ஒரு வெட்டு கிடையாது. "அந்தப் பழைய கேசட்ட எல்லாம் தூக்கிப் போடுடா, பூஞ்ச புடிச்சிருக்கும்" என்றார். அண்ணன் கூல்டிரிங்க்ஸ் வாங்கிவரச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார், சர்க்கரையாம். மழையைப் பற்றிக் கொஞ்சம், அம்மா கல்லறைக்குக் கல் பதிப்பது பற்றிக் கொஞ்சம். ஆட்டோ வந்ததும் அக்கா எழுந்தார். இவர் வாசல் வரை போய் நின்றார்.

நான் படிப்பை முடித்து, வேலைக்குச் சென்னை போய்விட்டேன். ஊருக்கு வந்தால் அந்தச் சந்துக்கும் போவேன். கடையில் கேம் இல்லை, செல்போன் ரீசார்ஜ். கடைசியாகப் போனபோது, அக்கா பேசுகிறாரா என்று கேட்டேன்.

"பேசுது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதுவே கூப்புடுது" என்றார். கடைக்கு வந்த ஒருவருக்கு ரீசார்ஜ் போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"சின்ன வயசுல அவள 'போடி எருமை'ம்பேன். அவ சீப்பால அடிப்பா. இப்ப ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா பேசிக்கறோம்டா."