வெர்னுக்குத் தெரியாது

டோர்வல் பள்ளிக்கூடச் சமையலறையில் ரோண்டா கூசிஸ்டோவும் நானும் பத்தொன்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் கை வேகம் யாருக்கும் வராது. நான் ஏப்ரன் கட்டி முடிப்பதற்குள் உருளைக்கிழங்கையும் கறியையும் தட்டுகளில் பரப்பி அடுப்பில் ஏற்றிவிட்டு அடுத்த வேலையில் இருப்பாள். அதிகம் பேச மாட்டாள். புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "சூப் கொஞ்சம் தண்ணியா இருக்கே" என்றார். "தண்ணி இல்லாட்டி அதுக்குப் பேரு சூப் இல்ல சார்" என்றாள். அவர் அதற்கப்புறம் சமையலறைப் பக்கம் வரவில்லை.

ஊருக்கு அவள் சமையல்காரி இல்லை. 'திருப்புளி ரோண்டா'. இரும்புக் கடைக்குள் அவள் நுழைந்தால், கல்லாவில் இருப்பவன் உள்ளே பார்த்து, "ரோண்டா வர்றாப்பா, திருப்புளிய எல்லாம் எடுத்து உள்ள வை" என்பான். அவளும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேண்டியதை வாங்கிப் போவாள். நானும் அந்த ஜோக்கைச் சொல்லியிருக்கிறேன், அவளோடு பழகுவதற்கு முன்னால். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நடந்தது 1991 நவம்பரில். அவளுக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர் பனிச்சறுக்கு அரங்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வெர்ன் ப்ரெபிச். ஆறு வயதில் வந்த ரோண்டாவை அவர்தான் வளர்த்தார் என்று சொல்லலாம். அவள் அம்மா மோட்டலில் அறை கழுவப் போகிறவள். அப்பா சுரங்கத்தில் மாற்று ஷிஃப்ட். பெண்ணை அரங்கத்தில் கொண்டுவந்து விடக்கூட ஆள் கிடையாது. வெர்ன் தன் வண்டியில் காலை ஐந்தரைக்கு அவளை வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார். மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் அந்தப் பனி முழுக்க அவளுக்கு மட்டும். அவள் காலணியின் பிளேடை அவரே தீட்டுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்த வருஷம் தகுதிப் போட்டி டுலூத் நகரத்தில். மூன்று பேர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். முதல் நாள் முடிவில் ரோண்டா நான்காவது. மூன்றாவதாக நின்றவள் கெரி லிண்ட்குவிஸ்ட், அவளும் பதினேழுதான். மறுநாள் காலை, உடை மாற்றும் அறையில் யாரும் இல்லாத ஐந்து நிமிஷத்தில், ரோண்டா வெர்னின் கருவிப் பெட்டியைத் திறந்து திருப்புளியை எடுத்தாள். கெரியின் வலது காலணியில் பிளேடைப் பிடித்திருந்த திருகாணிகளில் நான்கைத் தளர்த்திவிட்டாள். கெரி மூன்றாவது தாவலில் வந்து இறங்கியபோது பிளேடு ஒரு பக்கமாகப் பெயர்ந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் பெண் மறுபடி ஆடவில்லை. இன்றைக்கும் நடக்கும்போது ஒரு தோள் தாழ்ந்துதான் இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

திருப்புளி குப்பைக் கூடையில் கிடைத்தது. கைப்பிடியில் வெர்னின் பெயரெழுத்துகள் செதுக்கியிருந்தன. போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது ரோண்டா தானே ஸ்டேஷனுக்கு நடந்து போய், நான்தான் செய்தேன், அவருக்குத் தெரியாது என்று சொன்னாள். கோர்ட் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. போட்டிகளிலிருந்து ஆயுளுக்கும் விலக்கினார்கள். கெரிக்கு ஒரு கடிதம் எழுதினாள், பதில் வரவில்லை.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "சின்னப் பொண்ணு, தனியாவா செஞ்சிருப்பா?" என்றார்கள். "அவர் பெட்டி, அவர் திருப்புளி. அவருக்குத் தெரியாமலா?" என்றார்கள். அரங்கக் குழு வெர்னை நிறுத்திவிட்டது. அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அதற்கப்புறம் பதினெட்டு குளிர்காலம் கவுண்டி நிர்வாகத்துக்காகப் பனி வாரும் லாரி ஓட்டினார். அரங்கம் இருக்கும் தெருவையும் அவர்தான் வாரினார். 2011-ல் இறந்துபோனார். சர்ச் அடித்தளத்தில் அடக்கம் முடிந்த சாப்பாடு நடந்தபோது ரோண்டா வரவில்லை. பின்வாசல் வழியாக இரண்டு தட்டு இனிப்பு பிஸ்கட் வைத்துவிட்டுப் போனாள். யார் வைத்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

சினிமாக்காரர்கள் வந்தது இதற்கு ஆறேழு வருஷம் கழித்து. கலிஃபோர்னியாவிலிருந்து டெஸ்ஸா என்று ஒரு சின்னப் பெண், கதை எழுதுகிறவள். மூன்று நாள் ரோண்டாவின் சமையல் மேஜையில் உட்கார்ந்து காபி குடித்தாள். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. "அந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாளாம். இருபத்தாறு வருஷத்தில் அதை யாரும் ரோண்டாவிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

படம் அக்டோபரில் வந்தது. சனிக்கிழமை மதியக் காட்சிக்கு எங்கள் ஊர்த் தியேட்டரில் உட்கார இடமில்லை. ரோண்டா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மூன்றாவது வரிசையில் நீலக் கோட்டும் கைப்பையுமாக ஆர்டிஸ் ப்ரெபிச், வெர்னின் மனைவி. எண்பத்தோரு வயது. எல்லோரையும் போல அவருக்கும் அழைப்பு போயிருந்தது.

படம் நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். ரோண்டாவாக நடித்த பெண் பனியில் தனியாகச் சுற்றும்போது என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏழைப் பெண், யாரும் இல்லாத பெண் என்று அவள் பக்கம் நின்று காட்டியிருந்தார்கள். பிறகு அந்தக் காட்சி வந்தது. உடை மாற்றும் அறையில் படத்து வெர்ன் அவளைச் சுவரோடு நிறுத்தி, அவள் உள்ளங்கையில் திருப்புளியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறான். "இத செய்யாம நீ வீட்டுக்குத் திரும்ப முடியாது" என்கிறான். தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ரோண்டா மூச்சு விடுவதே தெரியவில்லை.

விளக்கு போட்டதும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இரும்புக் கடைக்காரன் அவள் கையைப் பிடித்து, "எங்கள மன்னிச்சிரு ரோண்டா. இவ்வளவு நாள் தெரியாமப் பேசிட்டோம்" என்றான். "அந்தப் பாவிப் பய உன்ன என்ன பாடு படுத்தியிருக்கான்" என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்ன பாவிப் பயலின் மனைவி இரண்டடி தள்ளி நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் ரோண்டாவை ஒரு முறை பார்த்தார். பார்த்துவிட்டு, யாரும் கதவைத் திறந்து பிடிக்கக் காத்திராமல் தானே தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த இரண்டு வாரம் ரோண்டாவுக்குப் பூவும் கடிதமுமாக வந்தன. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் சின்னப் பெண்கள் நாப்கினை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அரங்கக் குழு அவள் போட்டோவைச் சுவரில் மாட்ட முடிவு செய்து, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொன்னது. அவளோ சாப்பாட்டைத் தொடவில்லை. இடுப்பில் ஏப்ரன் கயிறு இன்னொரு சுற்று சுற்றியது.

ஒரு நாள் கேரட் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பெக், வெர்னுக்குத் தெரியாது."

"எது?"

"திருப்புளி. அவர் எடுத்துக் குடுக்கல. அவருக்குக் கனவுலகூடத் தெரியாது."

"அப்ப படத்துல எப்படி வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு கேட்டா. 'அவருக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? அவர்தான் உங்கள அந்த இடத்துக்குத் தள்ளினாரு, இல்லையா?' அப்படின்னு. நான் ஒண்ணும் சொல்லல."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொல்லல." கத்தியைக் கீழே வைத்தாள். "அவ மொகத்துல என் மேல அவ்வளவு பரிதாபம் இருந்துச்சு பெக். அது போயிருமேன்னு இருந்துச்சு. நான் குனிஞ்சு காபியக் கலக்கிட்டே இருந்தேன். அவ அதை ஆமான்னு எழுதிக்கிட்டா."

"சினிமாதானே, விடு. செத்தவருக்கு என்ன தெரியப்போகுது" என்றேன். இப்போது நினைத்தால் அந்தப் பேச்சுக்கு வெட்கமாக இருக்கிறது.

"பதினேழு வயசுல போலீஸ்ல போயி சொன்னேன். அந்தத் தைரியம் நாப்பத்தி நாலுல எங்க போச்சுன்னு தெரியல" என்றாள். பிறகு, "ஆர்டிஸ் வீட்டுக்குப் போகணும். நீ வண்டிய ஓட்டு. நான் ஓட்டினா பாதியில திரும்பிருவேன்."

அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். ஆர்டிஸ் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பி உள்ளே நடந்தார். நாங்கள் காலணிகளைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனோம். மேஜையில் வால்நட் சுருட்டிய ரொட்டி பாதி வெட்டி இருந்தது. எங்களுக்கு வெட்டித் தரவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் காபி வைக்காத வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரோண்டா உட்காரவில்லை. கேரட் நறுக்கும்போது என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னாள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு வார்த்தை சேர்க்காமல். காபியைக் கலக்கிக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

ஆர்டிஸ் ரொட்டியை ஒரு துணியால் மூடினார்.

"நீ செஞ்சது உனக்குத் தெரியும்" என்றார். "நான் செஞ்சது யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிஞ்சு அவரக் கேட்டேன். 'வெர்ன், உங்களுக்குத் தெரியுமா?' அப்படின்னு. ஒரே ஒரு தரம்தான். அவர் என்னப் பாத்தாரு. எந்திரிச்சுப் போயி கராஜ்ல உக்காந்துக்கிட்டாரு. பதில் சொல்லல. சொல்லாததால, தெரியும்னு நான் முடிவு கட்டிட்டேன். இருபது வருஷம் அவருக்குச் சோறு போட்டேன், துணி தொவச்சேன், நம்பல. படத்துல அந்த ஆளு அப்படிப் பண்ணப்ப, சரி, நான் நெனச்சது சரிதான்னு இருந்துச்சு."

ரோண்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள், நாற்காலி பக்கத்திலேயே இருக்க.

"எந்திரி" என்றார் ஆர்டிஸ். "அழணும்னா உன் வீட்ல போயி அழு. அவர்கிட்ட நீ கேக்க வேண்டிய மன்னிப்ப என்கிட்ட கேட்டா நான் எப்படிக் குடுக்கறது? ஊர்ல சொல்லு. எழுத்துல ஏறி நிக்கற மாதிரி சொல்லு."

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அரங்கக் குழு கூடியது. ஒன்பது பேர், ஊர்ப் பத்திரிகைப் பெண் ஒருத்தி, கடைசி பெஞ்சில் நான். தலைவர் ரோண்டாவின் போட்டோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் எழுந்து, "அத மாட்டாதீங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கடைசியில், "வெர்ன் ப்ரெபிச்சுக்கு எதுவும் தெரியாது. அப்பவும் சொன்னேன், நீங்க நம்பல. இப்ப நானே அதைப் பொய்யாக்கிட்டேன்" என்றாள்.

தலைவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ரோண்டா, இது நடவடிக்கைக் குறிப்புல ஏறணுமா? நாங்க கேக்காத மாதிரியே விட்டுரலாம். உனக்கு இப்பதான் நல்ல பேரு வந்திருக்கு."

"ஏத்துங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"நான் நிக்கறேன். நீங்க எழுதி முடிங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

வியாழக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. பூ வருவது நின்றது. பெரிய ஊர்ப் பத்திரிகை ஒன்று அவளை இரண்டு தடவை ஏமாற்றியவள் என்று எழுதியது. படக் கம்பெனி வக்கீலிடமிருந்து ஒரு கடிதம்: உண்மைச் சம்பவத்தைத் தழுவிய கற்பனை என்று படத்தின் ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறோம், மாற்றுவதற்கில்லை. டெஸ்ஸா மட்டும் போன் செய்தாள். அழுதாளாம். "நீ அழாத கண்ணு. நீ கேட்ட, நான்தான் பேசல" என்று ரோண்டா சமாதானம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். இரும்புக் கடைக்காரன் ஜோக்கும் அடிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பொருளைக் கொடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அரங்கத்தின் பழைய ஆட்கள் இரண்டு பேர் குளிர்காலத்தில் ஆர்டிஸ் வீட்டுக்குப் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள் என்று கேள்வி. என்ன பேசினார்கள் என்று ஆர்டிஸ் யாரிடமும் சொல்லவில்லை.

படம் இன்னும் டிவியில் ஓடுகிறது. வெளியூரிலிருந்து கடிதம் வந்தால் ரோண்டா ஒவ்வொன்றுக்கும் கையால் பதில் எழுதுகிறாள். பெரிய பதில் இல்லை, இரண்டு மூன்று வரிதான்.

மே மாதம் பனி கரைந்து கல்லறைத் தோட்டப் பாதை திறந்தபோது ஆர்டிஸ் அவளுக்குப் போன் செய்தார். கண் மங்கியதால் அவர் வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை என்னக் கூட்டிட்டுப் போ. ஆனா நீ எறங்க வேண்டாம். நான் அவர்கிட்ட தனியாப் பேசணும்" என்றார்.

ரோண்டா கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கை கொடுத்து அவரை இறக்கிவிட்டு, திரும்ப வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஐம்பது நிமிஷம் ஆனதாம். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். ஆர்டிஸ் திரும்பி வந்தபோது முழங்காலில் இரண்டு பக்கமும் ஈரமண் அப்பியிருந்தது. வண்டியில் ஏறியதும் பெல்ட்டைத் தேடினார், கைக்குச் சிக்கவில்லை. ரோண்டா குனிந்து இழுத்து மாட்டிவிட்டாள்.