என் கால் சுட வேண்டும் என்று கேட்டேன்

பொன்னியம்மனை நம்புகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். படித்துக் கோபம் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் பெயர் மல்லிகா. வயது ஐம்பத்து மூன்று. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு கறவை மாடு. ஆடி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டி எட்டு வருஷம் விடாமல் தீ மிதித்தவள் நான். சர்க்கரை வியாதி வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை வாங்கி வைப்பேன், ஞாபகம் வந்தால் போடுவேன். அம்மன் இருக்கும்போது எனக்கு என்ன வந்துவிடும் என்கிற திமிர்.

போன ஆடிக்கு முந்தின ஆடி அது. எட்டாவது தடவையாகக் குழியில் இறங்கினேன். முதல் ஏழு வருஷமும் சுருக்கென்று கொஞ்சமாவது தெரியும். ஓடிக் கரையேறிவிடுவேன். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தேன். திமிர் யாரை விட்டது, நடுக்குழியில் நின்று கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேறு செய்தேன். ஜனம் குலவை போட்டது. கரையேறினதும் பெண்கள் என் காலில் விழுந்தார்கள். எங்கள் பூசாரி என் தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, "அம்மா உன் மேலயே நிக்கறா மல்லிகா. நெருப்பே உனுக்குப் பயப்படுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பது நாள் போயிற்று. சமையல்கட்டிலிருந்து மாட்டுக்கொட்டாய் வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம். என் வீட்டுக்காரர் ஏழுமலைதான் முதலில் பார்த்தார்.

"இன்னாமே இது? எதை மிதிச்சிக்கினு வந்தே?"

காலைத் திருப்பிப் பார்த்தால், வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்குப் பள்ளம். சீழ் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து விரல் கறுத்திருந்தது. இரண்டு நாளாக ஒரு நாற்றம் வந்தது உண்மை. மாட்டுக்கொட்டாய் நாற்றம் என்று இருந்துவிட்டேன். அந்தக் காலோடுதான் ஒன்பது நாளும் சாணி அள்ளினேன், களை எடுத்தேன். ஒரு பொட்டு வலி இல்லை.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டரம்மா, மீன் பிடிக்கிற நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்கம்மா. கால்ல தொடும்போது சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். நேரமாகிக்கொண்டே போயிற்று.

"எப்போ டாக்டர் தொடுவீங்க?"

"முடிச்சிட்டேன்மா. பத்து இடத்துல தொட்டேன்."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெருப்பு என்னைக் கண்டு பயப்படவில்லை. சர்க்கரை என் கால் நரம்பைத் தின்றிருந்தது. ஊர் விழுந்து கும்பிட்டது செத்த காலை.

கறுத்த விரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நானூறுக்கு மேல் இருந்தது. "இது இறங்கலேன்னா புண் ஆறாதும்மா. அடுத்தது பாதத்தையே எடுக்கிற மாதிரி ஆயிடும்" என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். ஒரு கால் இல்லாமல் சேற்றில் எப்படி இறங்குவேன்? மாட்டை யார் பார்ப்பார்கள்? அழுதேன். வெட்கமும் சேர்ந்துகொண்டது. கும்பிட்டவர்களெல்லாம் கட்டுப்போட்ட காலைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அம்மனோடு சண்டை போட்டேன். வாய்விட்டுத்தான். பக்கத்துக் கட்டில் அம்மா பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருஷம் உன் குழியில் இறங்கினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சுட்டாவது சொல்லியிருக்கலாமே! எனக்கு உன் அதிசயம் வேண்டாம். சாதாரணக் கால் வேண்டும். கல் குத்த வேண்டும், வெயில் சுட வேண்டும். சுடு தாயே. அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்." இப்படி ஒரு வேண்டுதலை அவள் கேட்டிருப்பாளா தெரியாது. நான் கேட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்னம்மா சாப்பிடுவீங்க?"

"நான் கொறிக்கறவதான் டாக்டர்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றா டாக்டர். எங்களுக்கெல்லாம் போட்டுட்டு பானையோட ஒக்காந்துக்குவா. பானை அடில கீறது, தட்டுல மிஞ்சினது, எல்லாம் இவதான். காலையில பழையது ஒரு சொம்பு, அது வேற."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று வளர்ந்தவள். மிச்சம் மீதியெல்லாம் என் கணக்கில் சாப்பாடே இல்லை. எத்தனை கரண்டி என்று கணக்காகச் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. பகலில் ஆறு, ராத்திரி ஐந்து என்று வந்தது. டீ மூன்று வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. "சோறு உள்ள போனா சர்க்கரையாத்தான் மாறும்மா. குறைச்சே ஆகணும்" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று நேற்று கேட்டேன், இன்று பதில் வந்துவிட்டது என்று உடம்பு சிலிர்த்தது.

ஆனால் பதிலைச் சரியாகக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் விரதம். இருந்தால் முழுசாக இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் சோறு, இட்லி, டீ எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்சுலின் ஊசியை மட்டும் அதே அளவு போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் காலையில் பால் கறக்கும்போது உடம்பெல்லாம் வேர்வை, கை உதறல். மாட்டின் காலடியிலேயே சாய்ந்தேன். வீட்டுக்காரர் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

டாக்டரம்மா திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "சாமிக்கு விரதம் இருக்கிற மாதிரியா இது? ஊசி போட்டுக்கிட்டு சோத்தை அப்படியே நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. ரெண்டு வாரத்துக்கு ஒரு கரண்டி குறைங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வந்து என்கிட்ட காட்டுங்க. நீங்க குறைக்கக் குறைக்க நான் ஊசியைக் குறைக்கிறேன்."

ஒரு கரண்டி! நாள் முழுக்கப் பட்டினி கிடக்கச் சொல்லுங்கள், கிடப்பேன். ஆறு கரண்டி தின்கிறவளை ஐந்தோடு எழுந்திருக்கச் சொன்னால் அதுதான் கொடுமை. விரதத்தில் ஊர் நம்மை மெச்சும். ஒரு கரண்டி குறைத்ததை எவன் மெச்சுவான்? தட்டில் கை வைத்துக்கொண்டு, "தாயே, இந்த ஒரு கரண்டியைப் பார்த்துக்கொள்" என்று தினமும் சொல்லிவிட்டு எழுந்தேன். குழியில் இறங்கினபோதுகூட அவளை அவ்வளவு மனசோடு கூப்பிட்டதில்லை.

முதலில் பானை அடியை விட்டேன். வீட்டில் ஒரே ரகளை. "இத்தினி சோத்த தொட்டில கொட்றியே, பாவம் இல்ல?" என்றார் வீட்டுக்காரர். "மாடு துன்னா பாவமா? என் வயிறு இன்னா கழனித்தண்ணித் தொட்டியா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவரே ஆழாக்கு அரிசி குறைத்துப் போடச் சொன்னார்.

என் நாத்தனார் வந்தாள். "சோறு வேணான்னா கேவுரு கூழு குடி அண்ணி. சுகருக்கு அவ்ளோ நல்லது" என்றாள். வேளைக்கு இரண்டு சொம்பு குடித்தேன். அடுத்த டெஸ்டில் சர்க்கரை ஏறிக்கிடந்தது. கேழ்வரகும் மாவுதான், அளவு அதற்கும் உண்டு என்றார் டாக்டரம்மா. கூழ் அரை டம்ளராயிற்று. டீயில் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், ஒன்று, அரை என்று இறங்கிக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. தட்டில் சோறு இருந்த இடத்துக்குக் கொத்தவரங்காய், முருங்கைக்கீரை, முட்டை, மோர் வந்தன. பசித்தால் ஒரு பிடி வேகவைத்த வேர்க்கடலை. நான் போட்டு எடுத்த வேர்க்கடலைதான்.

புள்ளலூரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. இலையில் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்று கையை நீட்டினேன். "எங்க வூட்டு சோறு உனுக்குக் கசக்குதா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள் அந்த வீட்டுக்காரி. "கசந்தா பரவால்லயே, இனிக்குதே, அதான் பேஜாரு" என்றேன். பந்தியே சிரித்தது. சிரிக்கட்டும். காலை எடுத்தால் இவர்களா கொடுப்பார்கள்?

ஐப்பசியில் புண்ணின் பள்ளம் சதை பிடித்து நிரம்பி வந்தது. தை பிறக்கும்போது புண் மூடியது. பகல் சோறு இரண்டு கரண்டிக்கு வந்திருந்தது, ராத்திரிக்கு ஒரு தோசையும் நிறையக் கீரையும். ஊசி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது, மாத்திரை மட்டும் இருக்கிறது. அதை மறப்பதில்லை. பாதம் என்னோடு இருக்கிறது.

நான் கேட்டது அது மட்டும் இல்லையே. சித்திரை வெயிலில் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆடு புகுந்துவிட்டது. செருப்பில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது டாக்டரம்மா போட்ட சட்டம். அவசரத்தில் மறந்து ஓடினேன். நாலடி வைத்ததும் இடது உள்ளங்காலில் சுள்ளென்றது. "ஆத்தாடி!" என்று கத்தினேன். பாம்பு கடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்தார்.

"சுடுதுய்யா! காலு சுடுது!"

நான் அழுதுகொண்டே குதிக்கிறேன், ஆடு பாட்டுக்கு நெல்லைத் தின்கிறது. அவர் என்னை இழுத்து நிழலில் விட்டுச் செருப்பை மாட்டிவிட்டார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

டாக்டரம்மா நூலால் தொட்டுப் பார்த்தார். இடது காலில் நாலு இடம் தெரிந்தது. வலது காலில் இன்னும் தெரியவில்லை. எல்லோருக்கும் திரும்பி வராது, வந்த வரைக்கும் காப்பாற்றிக்கொள் என்றார். சோற்றைக் குறைத்ததற்கும் மருந்துக்கும் பலன், இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று சிலர் கேட்கிறார்கள். தட்டிலிருந்து ஒரு கரண்டியை ஒரு வாரம் குறைத்துப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

போன ஆடிக்குக் காப்புக் கட்டுகிற நாள் வந்தது. கோயிலில் ஊரே கூடியிருந்தது. பூசாரி மஞ்சள் கயிற்றோடு என்னைக் கூப்பிட்டார். நான் கையை நீட்டவில்லை.

"நான் எறங்கல பூசாரி. அன்னிக்கு சொடலன்னு என் கால்ல விழுந்தீங்களே, அது அருள் இல்ல. சுகரு. காலு செத்துப் பூட்டிருந்தது. தீ மிதிக்கறவங்க மிதிங்க, நான் வேணான்னு சொல்லல. சுகர் கீறவங்க கால டாக்டருகிட்ட காட்டிட்டு அப்பறமா கயிறு கட்டுங்க."

"வாய மூடு மல்லிகா! அம்மா குத்தம் ஆயிடும். ஒரு வெரலோட விட்டாளேன்னு சந்தோசப்படு" என்று பூசாரி கத்தினார். பின்னாலிருந்தும் சத்தம் வந்தது. நான் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒன்றும் கோபமாக இல்லை. விபூதியை நானே எடுத்துப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பூசாரி கொல்லைப் பக்கமாக வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசமா எனுக்கும் சொடல மல்லிகா."

பத்துப் பதிலையும் விட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தேன்.

"சுகர் கீதா பூசாரி?"

"கீது. யாருக்கும் தெரியாது. அம்மா என்னத் தாங்கறான்னு நெனச்சிக்கினு கீறேன்."

"கால தூக்கு, பாக்கறேன்" என்றேன். குதிகாலில் ஒரு வெடிப்பு, உள்ளே கறுப்பு. அடுத்த பஸ்ஸில் நானும் வீட்டுக்காரரும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். போகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "சோத்த சுத்தமா வுட்டுடணுமா?" என்று. வேண்டாம், கரண்டி கரண்டியாக என்றேன். வருஷா வருஷம் பூசாரி எடுத்துக்கொண்டு குழியில் இறங்குகிற கரகத்தை அந்த ஆடியில் அவர் தம்பி எடுத்துக்கொண்டு இறங்கினார். பூசாரிக்குக் கால் வலி என்று மைக்கில் சொன்னார்கள். வலி இருந்தால் நல்லதாயிற்றே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என்னைக் காப்பாற்றிய தாயை நான் விடவில்லை, அவளும் என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, தரையைப் பார்த்து நடந்து போய்க் கும்பிடுகிறேன். நீங்களும் அவளிடம் கேளுங்கள். பயப்படாமல், சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள், பதில் சொல்வாள். பதில் கரண்டி அளவில் வந்தால் சின்னது என்று தள்ளிவிடாதீர்கள். நம் அம்மனின் நெருப்பு சுடுகிற நெருப்பு. அது உங்களைச் சுடவில்லை என்றால், குலவை போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.